கால் மட்டும் தண்ணீரில்

என் சாவை விசாரிப்பதற்காக ஒன்றுசேர்ந்த ஜூரிகளில் பாதிப் பேர் இன்றும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார்கள். மீதிப் பேருக்கு அந்த வெட்கமும் கிடையாது. "என்ன ஜோப், இன்னும் போகலையா?" என்று கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். நல்ல ஊர், நல்ல மனிதர்கள். நான் குறை சொல்ல மாட்டேன், உயிரோடு இருப்பவனுக்குக் குறை எதற்கு?

நான் செவர்ன் ஆற்றில் சால்மன் மீன் பிடிப்பவன். கடல் பொங்கும் நாட்களில் எங்கள் ஆற்றில் ஓர் அலை எதிர்த்திசையில் ஏறி வரும். பிறந்ததிலிருந்து பார்க்கிற அலைதான். அதன் முதுகில் படகை ஏற்றி இறக்கத் தெரியாதவனுக்குப் எங்கள் ஊர் பிரிம்லேட்டில் பெண் கூடத் தர மாட்டார்கள். அந்த மார்ச் மாதக் காலையில் என் வலை துடுப்போடு சிக்கிக்கொண்டது. நான் அதைப் பிரிப்பதற்குள் அலை வந்து படகைப் புரட்டிவிட்டது. படகின் விளிம்பு மண்டையில் இடித்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது.

ஆறு என்னைச் சத்திரத்துக்குக் கீழே இருக்கும் படகுத்துறையில் கொண்டுவந்து போட்டது. முதலில் பார்த்தவர்கள் சைலஸும் ஓபெட்டும். சைலஸ் செருப்புத் தைப்பவன், ஊர்க் காவலனும் அவன்தான். ஓபெட் சத்திரக்காரன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை நெஞ்சுவரை சரிவில் இழுத்துப் போட்டார்கள். அதற்குமேல் இழுக்கவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டி முளையில் முடிந்துவிட்டு, என் கால்களைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்கள்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பாவம். எங்கள் ஊர்ச் சட்டம் அது. ஆற்றில் கிடைத்த பிணத்தை, மரண விசாரணை அதிகாரி ஊருக்குள் வந்து சேரும்வரை முழுக்கக் கரையேற்றக் கூடாது. கால் தண்ணீரில் இருக்க வேண்டும். மீறி ஏற்றினால் ஏற்றியவரைப் பிடித்து ஜெயிலில் போட்டுவிடுவார்கள். எங்கள் அப்பன், அவன் அப்பன், எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதிகாரியின் குதிரை மேட்டில் தெரிந்த பிறகுதான் பிணத்தைத் தூக்கிக் கொட்டகையில் கிடத்துவது வழக்கம்.

நான் செத்திருக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாயும் வரவில்லை, கண்ணும் திறக்கவில்லை. குரல்கள் மட்டும் எங்கோ தூரத்திலிருந்து விட்டு விட்டுக் கேட்டன. மற்றதெல்லாம் பிறகு சொல்லக் கேட்டது.

"நல்ல மனுஷன்யா," என்றான் சைலஸ்.

"நல்ல மனுஷனா? என்கிட்ட வாங்கிட்டுப் போன பீப்பாய இன்னும் திருப்பித் தரலை."

"செத்தவனப் பத்தி அப்படியா பேசறது, ஓபெட்?"

"சரி சரி, நல்ல மனுஷன்தான். அந்தப் பீப்பாய் எங்க கிடக்குன்னு உனக்குத் தெரியுமா?"

சைலஸ் அதிகாரியை அழைத்துவர ஒருவனைக் குதிரையில் குளோஸ்டருக்கு அனுப்பினான். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு என் தலைமாட்டில் காவலுக்கு உட்கார்ந்து, சுங்கானைப் பற்றவைத்தான். ஓபெட், விசாரணைக்கு உட்காரப்போகும் ஊர் ஜூரிகளுக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

"ஆட்டுக்கறி போட்டுடறேன்யா. விசாரணைன்னா எல்லாருக்கும் பசி பிச்சுக்கிட்டுப் போகும்."

அப்போதுதான் தர்ஸா வந்தாள். என் பக்கத்து வீட்டுக்காரி. அவளும் நானும் பேசிக்கொண்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவளுடைய வாத்துகள் என் முட்டைக்கோஸ் பாத்தியை மேய்ந்து தரைமட்டமாக்கியிருந்தன. நான் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இப்போது ஒரு வரிசை முட்டைக்கோஸை அந்த வாத்துகளுக்கென்றே நடுகிறேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அவள் விதவை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவள் புருஷன் எனோக்கை ஆறு இதே துறையில்தான் ஒதுக்கியது. நான் அப்போது படகில் சரக்கேற்றிக்கொண்டு மேலாற்றுக்குப் போயிருந்தேன். எல்லாம் பிறகு கேள்விப்பட்டதுதான். அவள் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தபோது, "சட்டம்மா, சட்டம்" என்று சைலஸ் அவளை விலக்கினானாம். அவளும் அவன் சொன்னபடி கேட்டாள். அதிகாரி மறுநாள்தான் வந்தார். அதுவரை எனோக்கின் கால் தண்ணீரில் கிடந்தது. அவள் அவன் தலைமயிரில் கையை வைத்தபடி துறையிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

அன்றைக்கு அவள் வாத்துகளைத் தேடிக்கொண்டுதான் துறைக்கு இறங்கினாள்.

"யாரு அது?"

"ஜோப். நீ பார்க்காத தர்ஸா, வீட்டுக்குப் போ."

"கால் ஏன் தண்ணியில கிடக்கு?"

"இதென்ன கேள்வி? உனக்குத் தெரியாததா?" என்றான் சைலஸ்.

சேற்றில் காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு அவள் குரல் என் தலைக்குமேல் கேட்டது. "தூக்குங்க."

"அடியம்மா! உன்னைப் புடிச்சு ஜெயில்ல போட்டுடுவாங்க!" என்று அலறினான் ஓபெட்.

"போடட்டும். அங்கயாவது இந்த வாத்துங்க பின்னாடி ஓட வேண்டியதில்ல."

"தர்ஸா, சொல்றதக் கேளு," என்றான் சைலஸ். " நான் காவலன். என் கண்ணு முன்னாடி நீ..."

"அப்ப கண்ண மூடிக்க."

இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். என் கக்கத்தில் கை கொடுத்துத் தனி ஆளாக இழுத்தாள். யாரும் கிட்டே வரவில்லை. அங்கே ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் அடிப்பலகை மேல் என்னைக் குப்புறச் சாய்த்தபோது சேற்றில் அவள் கால் வழுக்கியது. அப்படியே என் முதுகின் மேல் தொப்பென்று விழுந்தாள். தர்ஸா ஒன்றும் இளைத்தவள் அல்ல. அதற்காக நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேவாலயத்தில் முழங்காலிட்டு நன்றி சொல்கிறேன்.

வயிற்றிலிருந்த செவர்ன் ஆறு முழுவதும் வாய்வழியாக வெளியே வந்தது. நான் இருமினேன்.

ஓபெட் ஓடிவிட்டான். தான் ஓடவில்லை, ஆட்டை வெட்டப் போனேன் என்று இன்றுவரை சாதிக்கிறான். சைலஸின் வாயிலிருந்த சுங்கான் கீழே விழுந்து உடைந்தது.

தர்ஸா என்னைத் தன் வீட்டு அடுப்படியில் கிடத்தி, என் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண் திறந்தபோது அவள் திட்டிக்கொண்டிருந்தாள்.

"செத்துகித்துத் தொலைக்காத. உன்னால நான் ஜெயிலுக்குப் போகணும்."

"தர்ஸா..."

"பேசாத. உன் முட்டைக்கோஸத் தின்னது தப்புதான். இனி அதப்பத்தி வாயத் தொறக்கக் கூடாது."

நான் அழுதேன். கால்கள் சூடாக இருந்தன. அந்தச் சூட்டைவிட நல்லது எதையும் நான் இந்த உலகத்தில் அனுபவித்ததில்லை.

இத்தனை கலவரத்தில் குளோஸ்டருக்குப் போனவனைத் திருப்பி அழைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் அதிகாரி வந்து இறங்கினார். இடுப்புவரை சேறு, மூக்கில் ஜலதோஷம். சத்திரத்துக் கூடத்தில் ஜூரிகள் கறியை முடித்துவிட்டு, ஆப்பிள் கள்ளோடு உட்கார்ந்திருந்தார்கள். கறி வீணாகக் கூடாது என்று ஓபெட்தான் அவர்களைக் கூட்டிவிட்டான்.

"பிரேதம் எங்க?" என்றார் அதிகாரி.

சைலஸ் தொப்பியைக் கையில் பிசைந்தான். "ஐயா, அது... அந்த மூலையில கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்குங்க."

நான் எழுந்து வணக்கம் சொன்னேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, இந்த வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஒரு பிரேதம் தனக்கு எழுந்து நின்று மரியாதை செய்தது இதுதான் முதல்முறை என்றார். கூடமே சிரித்தது. ஆனால் சைலஸ் நேர்மையானவன். அதுதான் அவனிடம் உள்ள தொல்லை.

"ஆனா ஐயா, சட்டத்த மீறின ஆள் ஒருத்தங்க இருக்காங்க. காவலனா இருந்துகிட்டு நான் மறைக்கக் கூடாது இல்லீங்களா."

கதவருகே தர்ஸா எழுந்து நின்றாள். கையில் ஒரு துணிமூட்டை. காலையிலேயே கட்டி வைத்துவிட்டு, வாத்துகளுக்கு எப்போது தீனி போட வேண்டும் என்று எனக்கு ஒப்பித்துக் காட்டியிருந்தாள். என்னைக் காப்பாற்றியவளை என் கண்முன்னாலேயே கொண்டுபோகப் போகிறார்கள்.

"நான்தான் இழுத்தேன்," என்றாள். "வேற யாருக்கும் இதுல பங்கில்ல."

"இழுத்தீங்களா? நல்லது. அதுல என்ன மீறல்?" என்றார் அதிகாரி.

"காலத் தண்ணியிலேர்ந்து எடுத்துட்டாங்கய்யா," என்றான் சைலஸ். "நீங்க வர்றவரைக்கும் கால் தண்ணியில இருக்கணும்கற சட்டம்..."

"அப்படி ஒரு சட்டமே இல்லையே."

சைலஸ் ஜூரிகளைத் திரும்பிப் பார்த்தான், ஜூரிகள் அவனைப் பார்த்தார்கள்.

"எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல," என்றார் அவர். "யார் சொன்னது உங்களுக்கு? தண்ணியில ஒருத்தர் கிடந்தா, அந்த நிமிஷமே வெளிய இழுக்கணும். உயிர் இருக்கான்னு பார்க்கணும். இந்தம்மா செஞ்சதுதான் சரி. ஜெயிலாவது ஒண்ணாவது!"

நான்தான் முதலில் கத்தினேன், சந்தோஷத்தில். ஜூரிகள் மேசையைத் தட்டினார்கள். ஓபெட் எல்லோருக்கும் இலவசமாக இன்னொரு குவளை என்று கூவினான். அவன் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. திரும்பி தர்ஸாவைப் பார்த்தேன்.

மூட்டை அவள் காலடியில் விழுந்து கிடந்தது.

"எப்பவுமே இருந்ததில்லையா, ஐயா?"

"இல்லம்மா."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும்?"

அதிகாரி அவளை உற்றுப் பார்த்தார். எனோக்கின் விசாரணையையும் அதே கூடத்தில் நடத்தியவர் அவர்தான். அவர் முகம் மாறியது. சைலஸ் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அவருக்கு அன்னைக்கு உயிர் இருந்துதா?" என்று கேட்டாள்.

அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். "எனக்குத் தெரியாதும்மா," என்றார். "நான் பார்த்தப்போ ஒரு நாள் ஆகியிருந்தது."

அவள் வெளியே போனாள். என் கால்கள் இன்னும் சரியாக நிற்கவில்லை, ஆனாலும் பின்னாலேயே போனேன். துறையில், எனோக் கிடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளுக்குச் சொல்லவேண்டிய நன்றியை அப்போது சொல்லவில்லை. நான் பிழைத்ததால்தானே அவளுக்கு இது தெரிய வந்தது. அந்த நேரத்தில் நன்றி சொல்வது அவள் முகத்தில் அறைவது மாதிரி இருந்திருக்கும்.

"என்னை அப்படியே விட்டிருந்தா உனக்கு இது தெரிஞ்சிருக்காது, தர்ஸா."

"உனக்கு உயிர் இருக்குன்னு நினைச்சு நான் இழுக்கல ஜோப்," என்றாள். "நீ செத்துட்டதாத்தான் நினைச்சேன்."

"அப்புறம் எதுக்கு இழுத்த? ஜெயில்னு தெரிஞ்சும்?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு ராத்திரி பூரா இங்கயே உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் கால் குளிருமே, கால் குளிருமேன்னு அது ஒண்ணுதான் மனசுல ஓடிச்சு. செத்தவருக்குக் குளிராதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. நேத்து உன்னைப் பார்த்ததும், இன்னொருத்தருக்குக் குளிர வேண்டாம்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

நான் அழுதுவிட்டேன். நன்றி, நன்றி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. கடல் ஏற்றம் தொடங்கி, ஆற்றுத் தண்ணீர் சரிவில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து என் பூட்ஸைப் பார்த்தாள்.

"மேல ஏறி நில்லு," என்றாள். "கால் நனையுது பாரு."