கடவுச்சொல் வேண்டாம் என்ற கமரா

1

இந்தக் கதை ஒரு கத்தலில் இருந்து வந்தது. சுன்னாகத்தில் கமரா விற்கும் கடையொன்றில் ஒரு பெண் போனில் யாரையோ கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தாள். மிச்சமெல்லாம் நான் கட்டியது. கோபம் அவளுடையது. (எழுத எழுத என்னுடையதும்.)

அவளுக்குக் கஜானி என்று பெயர் வைத்தேன். இணுவிலில் வீடு. ஒரு பக்கம் இழுத்துப் பாரிசவாதத்தில் விழுந்த அப்பா ஏரம்புவை அவள்தான் தனியாகப் பார்க்கிறாள். அண்ணன் செந்தூரன் ரொறன்ரோவில்.

2

முதல் தொடக்கம்: ‘கடல் கடந்தாலும் பிள்ளையின் பாசம்…’

சீ. வேண்டாம்.

இரண்டாவது: கடைக்காரன் லோஜன் இரண்டு கமராக்களை எடுத்து வைத்தான். ஒன்றை அதற்கான ஆப் போட்ட போனில் மட்டுமே பார்க்கலாம். மற்றதற்கு ஒரு லிங்க் வரும். எந்தப் பிரவுசரிலும் திறக்கும்.

“லிங்க் உள்ளதை எடு பிள்ளை,” என்றான் செந்தூரன் போனில். “வேலையிடத்துப் போனிலை ஆப் போட விடாங்கள். எனக்கு அப்பாவை நெடுகப் பாக்க வேணும்.”

“பாஸ்வேர்ட் போடட்டோ அக்கா?” என்று லோஜன் கேட்டான்.

போனில் அதைக் கேட்ட செந்தூரன், “வேண்டாமெண்டு சொல்லு. எனக்கு ஞாபகம் நிக்காது.”*

கஜானிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அப்பாவைப் பார்க்க ஆசைப்படுகிற அண்ணனிடம் எப்படி மறுப்பது? வாங்கிப்போய்க் கட்டிலுக்கு எதிரே மாட்டினாள்.

(*அப்பாவின் பிறந்தநாளைப் போட்டிருக்கலாம். அதுவும் ஞாபகம் நிற்காதோ என்று கேட்க எனக்கு வாய் துடிக்கிறது.)

3

ஊர்க் கோயில் கொடியேற்றத்தின் நேரலை லிங்க் எந்த வட்ஸ்அப் குழுவில் வருமோ, அதே குழுவில் அப்பாவின் லிங்கையும் போட்டான் செந்தூரன். ‘ஐயாவைப் பாக்க ஆசைப்படுறவை பாருங்கோ.’ தேர் பார்க்கிறார்கள், தீர்த்தம் பார்க்கிறார்கள், ஐயாவைப் பார்த்தால் என்ன? அதில் பிழையிருப்பதாக அவனுக்குப் படவேயில்லை.

கஜானிக்கு அது தெரியாது. ஒருநாள் காலை அப்பாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பாரிஸ் மாமி. கை ஈரமென்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“பிள்ளை, முதுகை வடிவாத் துடைக்கேல்லை. உது நேற்றைய விரிப்பெல்லோ?”

ஏரம்புவுக்கு வாய்தான் குழறும். காது நன்றாகக் கேட்கும்.

“ஆ… ஆரெல்லாம் பாக்கினம்?”

உடம்பை மூட, நல்ல கையால் சாரத்தை இழுக்கப் பார்த்தார். அது எட்டவில்லை.

(இங்கே ஒரு உவமை எழுதி வெட்டினேன். அந்த மனிதர் வெட்கப்பட்டார், அவ்வளவுதான்.)

4

செந்தூரனை நல்லவனாக்கவும் பார்த்தேன். ‘பனி கொட்டும் பஸ் தரிப்பில் நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கிய அவன்…’

கலங்கட்டும். அதற்குக் கஜானி என்ன செய்ய? அந்தக் கண்ணீரால் ஒரு விரிப்பும் தோய்ந்ததில்லை.

5

கமராவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். அதற்குள் செந்தூரனின் அழைப்பு.

“ஏன் கழட்டினனி? இஞ்சை எல்லாரும் கேக்கினம்.”

“கேக்கட்டும்! அப்பா என்ன சாமியோ, ஊர் கூடிப் பாக்க? அள்ளித் துடைக்கிறது நான் ஒருத்தி. பிழை சொல்ல மட்டும் உலகம் முழுக்க ஆக்கள்!”

“கோவிக்காதை பிள்ளை. எல்லாம் அன்பிலைதானே…”

“அன்போ? உங்கடை அன்பாலை அந்த மனிசன் இப்ப என்னையே கிட்ட அண்ட விடுறாரில்லை!”

லோஜன் மெல்லக் கேட்டான்: “ஆப் கமராவா மாத்தித் தரட்டோ அக்கா?”

“வேண்டாம் தம்பி. இதுவே இருக்கட்டும். வெளியிலை பூட்ட நீள வயர் தாங்கோ.” பிறகு போனுக்குச் சொன்னாள்: “அண்ணை, உங்கடை லிங்க் நாளைக்கும் திறக்கும். இந்தக் கமராவை வாசல் படலையைப் பாக்கிற மாதிரிப் பூட்டப் போறன். நீங்கள் வந்தால் எல்லாருக்கும் தெரியும்.”

6

செந்தூரன் வந்தான் என்று ஒரு வரி எழுதினால் உங்களுக்கு மனம் ஆறிவிடும். அதனால்தான் எழுத மாட்டேன். லிங்க் திறந்தே இருக்கிறது. அந்தப் படலையால் யார் வரவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். தூரத்தில் இருந்து வாசிக்கிறவர் என்றால், இன்னும் நன்றாகவே தெரியும்.