மூலைக்கடைக்காரர்கள் செய்த மணி

அண்ணனுடைய மணி செவ்வாய்க்கிழமை காலையில் ஊமையாகிவிட்டது. புதுப் பேட்டரி போட்டேன், தட்டினேன், திட்டினேன். ஊஹும்.

விபத்துக்குப் பிறகு அவனுக்குப் பேச்சில்லை. வலது ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் லேசாக அசையும். அது கட்டிலில் பொருத்திய ஒரு தகட்டைத் தொட்டால் சமையலறையில் எனக்கு மணி அடிக்கும். ஒன்று என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வை. கடையில் வாங்கிய மணிகளை அழுத்த அவனுக்குத் தெம்பில்லை. இது போனால் அவனுக்கு மூச்சடைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

இதைச் செய்தவர்கள் மூலைக்கடை ஆட்கள். பத்தொன்பது வருடங்களுக்கு முன் எங்கள் தெருமுனையில் இருந்த எலெக்ட்ரானிக்ஸ் கடை அது. சுவர் முழுக்கத் தீப்பெட்டி அளவு இழுப்பறைகள், ஈயம் உருகும் வாசனை. சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர், கணக்கு வாத்தியார், பஸ் கண்டக்டர், ஒரு நர்ஸ் என்று கூட்டம் சேர்ந்துவிடும். வீட்டில் செய்த ரேடியோவையோ அலாரத்தையோ எல்லார் முன்னாலும் போட்டுக் காட்ட வேண்டும். புகைந்தால் சிரிப்பு. வேலை செய்தால் கைதட்டல் கிடையாது. எல்லாரும் கடை மேசையை மூன்று முறை தட்டுவார்கள். விபத்துக்கு முன் அண்ணன் அங்கேயே பழியாய்க் கிடப்பான். "அந்தக் கடையையே கட்டிக்கிட்டு அழு" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

மணி செய்ய வந்தபோதும் எங்கள் கூடத்தில் டெய்லருக்கும் வாத்தியாருக்கும் ஒரே சண்டை.

"நீங்க போடற கெபாசிட்டர் கொஞ்ச வருஷத்துல காய்ஞ்சிடும் சார். அது இல்லாமலே என்னால செய்ய முடியும்."

"துணி வெட்டறவர் நீங்க, எனக்குப் பாடம் எடுக்கறீங்களா?"

கடைக்காரர் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, தனியாக உட்கார்ந்து வேலையை முடித்து, பெட்டி மூடியின் ஸ்க்ரூக்களை முடுக்கினார்.

பக்கத்து வீட்டு அக்காவைக் காவலுக்கு வைத்துவிட்டு தெருமுனைக்கு ஓடினேன். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள்.

"எலெக்ட்ரானிக்ஸா? எங்களுக்கு முன்னாடி செருப்புக் கடைதானேக்கா இருந்துச்சு?" என்றாள் அங்கிருந்த பெண்.

கடைக்காரரும் வாத்தியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டெய்லர் எங்கே இருக்கிறாரோ. இந்த இடத்தைத் தேடி ஒருநாள் ஓடி வருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அடிக்கவே போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அண்ணன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மூடி திறந்தது. உள்ளே ஒன்றல்ல, இரண்டு சர்க்யூட்கள், அடுத்தடுத்து. மூடியின் உட்புறத்தில் கடைக்காரர் கையெழுத்தில் ஒரு சீட்டு. அண்ணனுக்கும் கேட்கும்படி படித்தேன்.

'தங்கச்சிக்கு. ரெண்டு பேரும் பிடிவாதக்காரங்க, அதனால ரெண்டையும் வெச்சிருக்கேன். இப்ப ஓடறது வாத்தியாருது. அது நின்னா சிவப்பு ஒயரைப் பிடுங்கி டெய்லர் பக்கம் சொருகும்மா. அவங்ககிட்ட சொல்லிடாதே.'

பத்தொன்பது வருடமாக, நான் ஈரத்துணியால் துடைத்து வைத்த இந்தப் பெட்டிக்குள், டெய்லருடைய சர்க்யூட் ஒருநாள்கூட ஓடாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் வாய்க்கு வந்தபடி ஏசிய மனிதர்கள் இவர்கள்.

சிவப்பு ஒயரை மாற்றிச் சொருகினேன்.

"தொடுண்ணா."

விரல் நகர்ந்தது. மணி அடித்தது! தண்ணீரை எடுக்கத் திரும்பினேன். மறுபடி அடித்தது. புரட்ட வேண்டுமா என்று குனிந்தேன். மூன்றாவது முறையும் அடித்தது.

"மூணா? மூணுக்கு நாம எதுவும் வெச்சுக்கலையேண்ணா?"

அவன் கண்கள் என்னை விட்டு, கட்டிலோரம் இருந்த மருந்து மேசைக்குப் போயின. அங்கேயே நின்றன.

புரிந்தது. மருந்து பாட்டில்கள் குதிக்கக் குதிக்க அந்த மேசையை மூன்று முறை தட்டினேன்.