முன்னால் கழுவாத கை

வியாழக்கிழமை காலை குளிக்கும்போது ஜிதின் அதைப் பார்த்தான். உறுப்பின் அடிப்பக்கத்தில் மூன்று கொப்புளங்கள். சுற்றிலும் தோல் சிவந்திருந்தது. தொட்டால் எரிந்தது.

ஷைனியின் வீட்டுக்குப் போனது சனிக்கிழமை. இன்றோடு ஐந்து நாள். அன்று ஆணுறை இல்லை.

மனைவி ரேஷ்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதன்பிறகு அவன் தன் உடம்பைப் பெரிதாகக் கவனித்ததில்லை. அதற்குச் சோறு போட்டான். தூங்க வைத்தான். தினமும் அண்டியாபீஸுக்கு மேற்பார்வை வேலைக்கு அனுப்பினான். முந்திரி உடைக்கும் ஆலைக்குக் கொல்லத்தில் அதுதான் பெயர். சனிக்கிழமைதான் உடம்பு அவனிடம் முதல்முறையாக எதையோ கேட்டது. கொடுத்தான். இப்போது இது.

வேதியியல் படித்தவன். பதறாமல் போனில் தேடினான். அக்கி வகைப் புண் இரண்டு நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் வரும், வலிக்கும். மேகப்புண் வர இன்னும் நாளாகும், பெரும்பாலும் வலிக்காது. இது வலித்தது. ஆக, அக்கிதான் என்று முடிவு கட்டினான்.

ஷைனியிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சொன்னால், பழி போடுகிறான் என்று நினைத்து அவள் ஒரேயடியாக விலகிவிடலாம். அவள் விலகுவதை அவன் விரும்பவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இருந்தும் போனை எடுத்தான். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை அவளுக்கு. பின்னால் படகின் மணி கேட்டது.

"ஷைனி, எனக்குக் கீழ கொப்புளம் வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீயும் ஒரு தடவை காட்டிக்கோ."

"ஓ. நான் குடுத்துட்டேங்கறியா?"

"யார் குடுத்தாங்கன்னு நான் கேக்கல. எனக்கு இருந்தா உனக்கும் இருக்கலாம். அதான்."

"கட்டினவன் விட்டுட்டுப் போயி நாலு வருஷம். அதுக்கப்புறம் நீ ஒருத்தன்தான். உனக்கு?"

"ரேஷ்மாவுக்கு அப்புறம் நீதான்."

"அப்ப ஆகாசத்துலேர்ந்து விழுந்துச்சா? நல்ல ஆளுடா நீ. அஞ்சு நாளா ஒரு போன் இல்ல. கொப்புளம் வந்ததும் நம்பர் ஞாபகம் வந்துடுச்சு."

வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில், பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று அவன் குரலைத் தாழ்த்தாமலே கேட்டான். சீட்டு கொடுத்தவர்தான் குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னார். அந்த அறை வாசலில் பெஞ்சில் ஷைனி குடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"லீவு சொல்லிட்டேன். வயித்துவலின்னு. வேற என்னத்தச் சொல்றது? போ, உன் நம்பரைக் கூப்பிடறாங்க."

டாக்டர் ஸக்கரியாவுக்கு அறுபது வயது இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டே பார்த்தார். பிறகு சொன்னார்.

"கையைக் காட்டு."

வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கறுத்துத் தோல் உரிந்திருந்தன.

"எங்க வேலை?"

"அண்டியாபீஸ்ல சூப்பர்வைசர்."

"சூப்பர்வைசர் கையில ஏன் கறை?"

"செவ்வாய்க்கிழமை உடைக்கிற மெஷின் ஒண்ணு சிக்கிக்கிச்சு. நான்தான் கைவிட்டு எடுத்தேன்."

"அப்புறம் ஒண்ணுக்குப் போனியா?"

"போனேன். கை கழுவினேன் டாக்டர்."

"எப்போ?"

"போயிட்டு வந்து."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன படிச்சிருக்கே?"

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி."

"சரி. இதை வெளிய சொல்லிட்டுத் திரியாதே."

முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். உடைக்கும் பெண்கள் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். ஒதுங்கப் போகும் முன் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். மற்ற இடங்களில் போய்விட்டு வந்து கழுவினால் போதும். 'போகும் முன் கை கழுவவும்' என்று ஆலைக் கழிப்பறைக் கதவில் எழுதி ஒட்டியதே ஜிதின்தான்.

"எண்ணெய் பட்ட புண்ணு மாதிரிதான் இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா உறை போடலேன்னு சொன்னியே. புண்ணுலேர்ந்து கொஞ்சம் எடுத்து அனுப்பறேன். ரெண்டு பேரும் ரத்தம் குடுங்க. சிலது இப்பவே தெரியாது, மூணு மாசம் கழிச்சு மறுபடி வந்து பாக்கணும். அதுவரைக்கும் உறை கட்டாயம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

வெளியே வந்து ஷைனியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் வாயைப் பொத்தினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. குடை தரையில் விழுந்தது. வரிசையில் இருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாசலில் யாரும் சிரித்து அவர்கள் கேட்டதில்லை.

"எங்கம்மா முப்பது வருஷம் அண்டி உடைச்சவ. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா உனக்கு ஆட்டோ காசு மிச்சம்."

"உங்கம்மாகிட்ட இதைப் போயி எப்படிக் கேக்கறது?"

அவள் மறுபடி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு, இதுன்னு தெரிஞ்சதும் என்கிட்ட ஒண்ணுமே சொல்லாம விட்டிருக்கலாமே. ஏன் முன்னாடியே போன் பண்ணினே?"

"உனக்கும் எரிஞ்சுட்டிருந்தா?"

அவள் அவன் கையை இழுத்து, கறுத்த விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தத் தோலில் அவள் விரல் படுவது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ரத்தம் எடுக்கும் அறைக்கு அவளே முன்னால் நடந்தாள்.

ஊசி குத்தியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"மூணு மாசம் கழிச்சு மறுபடி வரணுமாமே?"

"ஆமா."

"என்னால தனியா வர முடியாது. கூட்டிட்டு வரணும்."

"வர்றேன்," என்றான்.

"நடுவுல போனும் பண்ணணும். கொப்புளம் இல்லேன்னாலும்."