கரைவலையில் வந்த மணிக்கூடு

மதுசன் கரைவலை இழுத்த அன்று மீனோடு மீனாக ஒரு கைமணிக்கூடும் வந்தது. பாசி படர்ந்து சிப்பி ஒட்டிக் கிடந்ததை மணலில் தேய்த்துக் கழுவியபோது முகப்பில் கிரீடம் தெரிந்தது. ரோலெக்ஸ். கரையில் நின்றவர்கள் ஆளுக்கொரு விலை சொன்னார்கள்.

மதுசனின் மாமி நாகேஸ்வரி மட்டும் விலையைக் காதில் வாங்காமல் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய புருசன் தங்கராசா, சில வருசங்களுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதக் காற்றில் தனியாகக் கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டும் கொக்கிளாய்ப் பக்கம் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. இந்தியக் கரையில் யாராவது அவரைத் தூக்கிக் காப்பாற்றியிருப்பார்கள் என்று அந்த நாளில் சிலர் சொன்னார்கள். சொன்னவர்கள் அதை மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை.

கடலுக்குப் போனபோது அவர் கையிலும் ஒரு ரோலெக்ஸ் இருந்தது. கொழும்பில் நடைபாதையில் வாங்கியது. "சுத்தக் கள்ளச் சாமான். எண்டாலும் தூரத்தில நிண்டு பாத்தால் நானும் சுவிஸ்காரன்தான்" என்று கையை ஆட்டிக் காட்டிச் சிரிப்பார்.

வலையில் வந்தது அசல் சாமானாக இருக்கவேண்டும் என்று கரையே ஆசைப்பட்டது. நாகேஸ்வரியும் அதைத்தான் வேண்டினாள். அசல் என்றால் அது யாரோ ஒருவருடையது. தங்கராசா எங்கேயோ உயிரோடு இருக்கிறார்.

"வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் காட்டப்போறன் மாமி. அங்க விசயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார்" என்றான் மதுசன்.

"நானும் வாறன்."

ஏன் என்று கேட்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடியவே வெளிக்கிடவேணும்" என்றான்.

பிரதாபன் டோகாவில் மணிக்கூடு திருத்தும் இடமொன்றில் வேலை செய்துவிட்டு வந்து, வவுனியாவில் கடை போட்டவன். நாகேஸ்வரிக்குக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, கண்ணில் சின்ன உருப்பெருக்கி வில்லையொன்றை மாட்டிக்கொண்டு மணிக்கூட்டைக் கையில் எடுத்தான்.

"திகதிக்கு மேல இந்தக் கண்ணாடிக் குமிழைப் பாருங்கோ. அசல் சாமான் எண்டால் இலக்கம் எழும்பிப் பெரிசாய்த் தெரியும். இதில அப்பிடியே கிடக்கு."

"உப்புத் தண்ணியில கிடந்து மங்கியிருக்கும் அண்ணை" என்றான் மதுசன்.

"மங்கலாம். இலக்கம் சிறுக்காதெல்லோ."

"உடம்பு அசலாய் இருந்து, கண்ணாடியை மட்டும் ஆரும் மாத்தியிருந்தால்?"

"அப்பிடியும் வாறதுதான். அசல் உடம்புக்கு வேற முகம், வேற முள்ளு, வேற இயந்திரம் போட்டு விக்கிறவங்கள் இருக்கிறாங்கள். முழுக்கக் கள்ளச் சாமானைப் பிடிக்கிறது சுகம். பாதி அசல், பாதி மாத்தினது எண்டு வந்தால்தான் மண்டை காயும்." சொல்லிக்கொண்டே செயினைக் கழற்றினான். செயின் பூட்டும் கொம்புகளுக்கு நடுவே பொடி இலக்கங்கள் இருந்தன. அவற்றைத் தூரிகையால் துடைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"அசலில இந்த இலக்கம் கூராய் வெட்டின மாதிரி மினுங்கும். இது மருந்து போட்டு அரிச்செடுத்தது, மணல் மாதிரிக் கிடக்கு. உடம்பும் கள்ளம்தான் தம்பி."

மதுசனின் முகம் தொங்கிப்போனது. நாகேஸ்வரி கதிரையில் அசையாமல் இருந்தாள். இந்தச் சொல்லைக் கேட்டால் தான் விழுந்துவிடுவேன் என்று பஸ்ஸில் வந்த வழியெல்லாம் பயந்திருந்தாள். விழவில்லை. வெகுநேரம் வலைக்கயிறு பிடித்து விறைத்த விரல்கள் தாமாக விரிவதுபோல நெஞ்சுக்குள் ஏதோ விரிந்தது. 'சரி, வந்திட்டீங்கள்' என்று மனதுக்குள் சொன்னாள். கண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது.

"என்னம்மா?" என்றான் பிரதாபன்.

"என்ர மனிசனும் இப்பிடி ஒரு கள்ள ரோலெக்ஸைக் கட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போனவர், தம்பி. திரும்பி வரேல்லை."

பிரதாபன் மெதுவாக, "திறந்தும் பாப்பம் அம்மா. உள்ளுக்க ஏதும் அடையாளம் கிடக்கும்" என்றான். பின்மூடி இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டுத் திருகித் திறக்க, பழுப்பு நீர் வழிந்தது. உள்ளே அரைச் சந்திரன் வடிவில் துருப்பிடித்த தகடு ஒன்று கிடந்தது.

"அது என்ன?" என்றாள் நாகேஸ்வரி.

"கை ஆட ஆட இந்தத் தகடு சுத்திச் சுத்தி முறுக்கு ஏத்தி மணிக்கூட்டை ஓட்டும். கள்ளச் சாமானிலயும் கொஞ்சம் நல்ல ரகத்துக்கு இதைப் போடுவாங்கள்."

"அப்ப பற்றரி?"

"இதுக்குப் பற்றரி வைக்க இடமே இல்லை அம்மா."

நாகேஸ்வரி எழுந்து நின்றாள். "அவற்றதுக்குப் பற்றரி. முள்ளு டிக் டிக்கெண்டு துள்ளும். பற்றரி செத்தால் முல்லைத்தீவுக்குப் போய் மாத்திக்கொண்டு வருவார். இந்தக் குப்பைக்கு ஒரு பற்றரியோ எண்டு நான் ஏசுவன்."

"மாமி! அப்ப இது மாமான்ர இல்லை!" மதுசன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் தலையாட்டினாள். சந்தோசம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. விட்ட கயிற்றை யாரோ திரும்பவும் கையில் தந்ததுபோல இருந்தது. இத்தனை காலமும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னது தன்னைத் தவிர ஒருவருமில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

பிரதாபன் மணிக்கூட்டைப் பூட்டிக் கொடுத்தான். கூலி வாங்க மறுத்துவிட்டான்.

"இதை எறிஞ்சுபோடாதை" என்றாள் அவள் மதுசனிடம். "கடற்றொழிலாளர் சங்கத்தில குடுத்து வை. இதைக் கட்டிக்கொண்டு போனவனுக்கும் வீட்டில ஆரும் இருப்பினம். தேடி வரட்டும்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஏறவில்லை. மகள் சுரேகா கலியாணம் கட்டிப் போயிருந்த பூவரசங்குளத்துக்கு மதுசனையும் கூட்டிக்கொண்டு போனாள். சுரேகா குசினியில் நின்றாள். தாயைக் கண்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

"பிள்ளை, வாற ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு விரதம் பிடிப்பம்."

சுரேகா திடுக்கிட்டு மதுசனைப் பார்த்தாள். "மணிக்கூடு அப்பான்ரயோ?"

"இல்லை" என்றான் அவன்.

"பிறகேன் அம்மா?"

"அவற்றதெண்டு நினைச்ச அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மூச்சுவிடச் சுகமாய் இருந்தது பிள்ளை. நாங்கள் விட்டால் அவருக்கும் அப்பிடித்தான் இருக்கும்."

சுரேகா தாயின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நாகேஸ்வரி அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு மகள் சொன்னாள்:

"விரதக் கறிக்குக் காத்தோட்டிக்காய் வேணும், இப்பவே சொல்லி வைக்கவேணும். கடைசி நேரத்தில கிடைக்காது."