ஒளித்துவைத்த உப்பு

கஞ்சியை இறக்கிக் கிண்ணத்தில் சாய்த்தபோது கருப்பாத்தாளின் கை நடுங்கவில்லை. அவளே அதைக் கவனித்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மனசு எங்கோ நின்றுவிட்டது. கை மட்டும் பழகிய வேலையைச் செய்துகொண்டிருந்தது.

டாக்டர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நர்ஸிடம் தணிந்த குரலில் பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். நர்ஸ்தான் சொன்னாள்.

"இனி பத்தியம் ஒந்நும் வேண்டா, அம்மே. மோன் சோதிக்குந்நதெல்லாம் கொடுத்தோளூ."

எல்லையோர எருத்தேன்பதிக்காரியான அவளுக்கு அவ்வளவு மலையாளம் புரியாமல் இல்லை. பத்தியம் வேண்டாம், பையன் கேட்பதைக் கொடு. பிழைக்கிற பிள்ளைக்கு எந்த டாக்டரும் அப்படிச் சொல்லமாட்டார் என்பதும் புரிந்தது. ஊருக்குப் போகிற பஸ் கண்டக்டரிடம் புருஷனுக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிட்டு, நேராக வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அது ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த பழைய வீடு. வெளியூரிலிருந்து சீக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் குப்பையோடு குப்பையாகப் படுத்துக்கிடந்ததைப் பார்த்துவிட்டு, பாலக்காட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வாசல் பலகையில் மலையாளத்தில் ஏதோ நீளமான பெயர். தங்குகிறவர்கள் அதைப் பிள்ளைச் சத்திரம் என்றுதான் சொன்னார்கள். குடும்பத்துக்கு ஒரு தடுப்பு, ஒரு அடுப்பு. சமையலறை மட்டும் பொது. சுவரோரம் வரிசையாக அடுப்புகள், அவற்றுக்கு மேலே நீளமாக ஒரு திட்டு.

அந்தத் திட்டில் மிளகாய் இருக்கும், புளி இருக்கும், எண்ணெய்க் குப்பிகள் இருக்கும். உப்பு மட்டும் இருக்காது.

மகன் அர்த்தநாரிக்கு உப்பு ஆகாது. சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. முகமும் வயிறும் நீர் கோத்து வீங்கும், மருந்தில் வடியும், மறுபடி வீங்கும். இங்கே வந்த புதிதில் ஒரு மத்தியானம், பக்கத்து அடுப்பு ஞானஜோதியின் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து உப்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கருப்பாத்தாள் அவன் வாய்க்குள் விரலைவிட்டுத் தோண்டினாள். அவன் விரலைக் கடித்தான். அவள் அறைந்தாள். அன்று சாயங்காலமே, யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், திட்டின் மேலிருந்த உப்பெல்லாம் மறைந்துபோயிற்று. அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சரஸ்வதியம்மாள் முதல் நாளே சொல்லிவிடுவாள். கல்பாத்தியிலிருந்து தினம் காலையில் வந்து சத்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். "சத்தம் போட்டு அழப்படாது. போறச்சே அவாவா அடுப்பை அவாவாளே மெழுகி ஒழிச்சுத் தரணும். அப்பறம், உப்பைக் கண்ணுல படாம வச்சுக்கணும் கேட்டேளா?"

கருப்பாத்தாளும் உப்பை விட்டுவிட்டாள். அவன் எதிரில் தின்ன முடியவில்லை என்று ஆரம்பித்தது. பிறகு அவன் வார்டில் இருந்த நாட்களிலும் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. ரெண்டு வருஷம்.

கிண்ணத்தோடு வார்டுக்குத் திரும்பி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் ஏந்தி, கரண்டி விளிம்பில் கொஞ்சம் கஞ்சி கொடுத்தாள். அவன் நாக்கு அதைத் துழாவிற்று. வீங்கிய இமைகளுக்கு நடுவே கண்கள் அவளைத் தேடின.

"நர்ஸம்மா பத்தியம் வேண்டாம்னாங்கல்ல?"

"ஆமா சாமி."

"அப்பறம் நீ போடலியா?"

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். போடவில்லை. கேட்டதைக் கொடு என்று சொன்ன பிறகும் கை பழைய கஞ்சியைத்தான் காய்ச்சியிருக்கிறது.

"இருடா கண்ணு. இதா வந்தர்றேன்" என்று எழுந்து ஓடினாள். தெருவைக் குறுக்காகக் கடந்தபோது சைக்கிள்காரன் ஒருவன் திட்டினான்.

சமையலறையில் மூன்று நான்கு பெண்கள் இருந்தார்கள். கருப்பாத்தாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உப்பு வேணும்" என்றாள்.

இந்த வீட்டில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"ஆருக்குக்கா?" என்று ஞானஜோதி கேட்டாள். மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். அண்ணன் இங்கே ரயில்வேயில் இருந்ததால், சோகை பிடித்த மகளுக்கு ரத்தம் ஏற்ற இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"அவனுக்குத்தான். குடுக்கச் சொல்லீட்டாங்க."

கேட்டவர்களுக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஞானஜோதி விறகுக் குவியலுக்கு அடியில் கையைவிட்டு மூடிய சிரட்டை ஒன்றை இழுத்தாள். கொழிஞ்சாம்பாறை ஊர்க்காரி தன் தடுப்புக்குள் ஓடித் தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சோடு வந்தாள். இன்னொருத்தி அரிசிப் பானைக்குள் முழங்கைவரை கையை விட்டாள். சரஸ்வதியம்மாள் இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்து, உப்பு நார்த்தங்காய் ஜாடியை வெளியே எடுத்தாள்.

உப்பைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது. எல்லோரும் திட்டின்மேல் வைத்துவிட்டு விலகி நின்றார்கள். கருப்பாத்தாள் எதை எடுப்பதென்று தெரியாமல் எல்லாவற்றிலும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்தாள்.

"இதையும் கொண்டுபோ. ஒரு துளி நாக்குல தடவினாப் போறும்" என்று சரஸ்வதியம்மாள் நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை இலைக்கிழிசலில் வைத்தாள். சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாவி கையில் இருந்தும் அதைப் பூட்டவில்லை.

முதல் கரண்டியை அர்த்தநாரி விழுங்கவில்லை. வாயிலேயே வைத்திருந்தான். அவன் முகமெல்லாம் வீங்கி, பழைய முகம் எங்கே என்று தெரியாமல் போய் வெகுநாளாகியிருந்தது. இப்போது உதட்டோரத்தில் அது கொஞ்சம் தெரிந்தது.

"ஞானக்கா உப்பு" என்றான்.

"உனக்கெப்படிடா தெரியும்?"

"வெறகுக்கடியில இருக்கறது. பொகை வாசம் அடிக்குது." மூச்சு வாங்கிக்கொண்டான். "கொழிஞ்சாம்பாற அத்தை தலகாணிக்குள்ள வெச்சிருக்குது. எல்லாந் தெரியும் எனக்கு."

கரண்டி பாதி வழியில் நின்றது. "தெரிஞ்சுமா எடுக்கல?"

"ஒருக்கா எடுத்தேன். அப்பறம் எடுக்கல."

"ஏஞ் சாமி?"

இது என்ன கேள்வி என்பதுபோல அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நீ சப்புன்னு தின்னுட்டிருந்தே."

அடுத்த கரண்டியை ஊட்டினாள். அவன் இன்னும் மூன்று நான்கு வாய் வாங்கினான். நார்த்தங்காயை நாக்கில் தடவியபோது புளிப்பில் முகத்தைச் சுளித்தான். அதுவும் வேண்டும் என்றான். பிறகு போதும் என்றான். போதும் என்று அவன் சாப்பாட்டில் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பிடிக்கவில்லை என்பான், வேண்டாம் என்பான். போதும் என்றதில்லை.

வராந்தாக் குழாயில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது நர்ஸ் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

கருப்பாத்தாள் கிண்ணத்தை ஸ்டூலின்மேல் கவிழ்த்துவைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். தரையிலேயே உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது ஒரு மூச்சு. நீளமான, அடிவயிற்றிலிருந்து கிளம்பிய மூச்சு. எப்போது இழுத்துப் பிடித்தாளோ, இப்போதுதான் அதை விடுகிறாள் போலிருந்தது. இனி ஊசி இல்லை. வயிற்றில் குத்தி நீர் எடுக்கும்போது இரண்டு பேர் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்றைக்கு வீங்கியிருக்கிறதா வடிந்திருக்கிறதா என்று விடிந்ததும் விரலால் அவன் காலை அழுத்திப் பார்க்க வேண்டியதில்லை. முடிந்தது. உப்புப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இப்படியா ஒரு தாய்க்குத் தோன்றும் என்று பயந்து, யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்து நர்ஸ் தோளைத் தொட்டாள்.

வெயில் ஏறி, புருஷன் ஆறுச்சாமி ஒரு வாடகைக் காரோடு வந்தான். மகனைப் பார்த்தபடி கால்மாட்டில் நின்றான். "ஏதாச்சும் தின்னானா?" என்று கேட்டான்.

"உப்புப் போட்டுத் தின்னானுங்க."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கிற்று.

ஊரில் தங்கள் தோட்டத்து மேற்கு வேலியோரம் பிள்ளையை அடக்கம் செய்தார்கள். வீடு நிறைய ஜனம். பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கும்போதே கருப்பாத்தாள் சுவரோரம் சாய்ந்து தூங்கிப்போனாள். ஆறுச்சாமியின் அக்கா நாச்சம்மாள் தண்ணீர் தெளித்து, "பாவம், மூர்ச்சையாயிட்டா" என்றாள். மூர்ச்சையில்லை, தூக்கம் என்று கருப்பாத்தாளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வீட்டு வழக்கப்படி கருமாதிவரை சோற்றில் உப்பில்லை. முதல் நாள் அவள் தட்டில் அது வந்து விழுந்தது. அதே சோறு, அதே சப்பென்ற வெள்ளை. ஒரு கவளத்துக்குமேல் இறங்கவில்லை.

கருமாதிக்கு முன்பே சத்திரத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு குடும்பம் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கிறது, அடுப்பை ஒழித்துக் கொடுத்தால்தான் இடம் கொடுக்க முடியும் என்று சரஸ்வதியம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"எழவூட்டுக்காரி பஸ் ஏறுவாளா? நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்களா?" என்றாள் நாச்சம்மாள்.

"ஒரு புள்ள வராந்தாவுல கெடக்குதுங்க, நங்கையா."

நாச்சம்மாள், "நானும் வாரேன். தனியா எங்கியோ விழுந்து வெப்பே" என்று மாற்றுச் சேலை கட்டிக்கொண்டாள்.

இரண்டு பேரும் சத்திரத்துச் சமையலறைக்குள் நுழைந்ததும் பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். கருப்பாத்தாள் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினாள். சாணமும் மண்ணும் குழைத்து அடுப்பை மெழுகினாள். மேலே பார்த்தாள். மிளகாய் இருந்தது, புளி இருந்தது, எண்ணெய்க் குப்பிகள் இருந்தன.

"உப்பெங்கீங்க?"

ஞானஜோதி திருதிருவென்று விழித்தாள். "அன்னிக்கி எடுத்துட்டு... பழைய எடத்துலயே வச்சிட்டோம்க்கா. கை அங்கதான போவுது."

கருப்பாத்தாளுக்கு அது புரிந்தது. அவள் கையும் அப்படித்தானே. "அவனுக்கு எல்லாந் தெரியுமாமா" என்றாள். "ஞானக்கா வெறகுக்கடியில வெச்சிருக்குது, பொகை வாசம் அடிக்குதுங்கறான். தலகாணி, அதும் தெரியுமாமா."

கொழிஞ்சாம்பாறைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ராத்திரியெல்லாம் கழுத்து நோகப் படுத்தேனே!"

"ஏதோ புதையலக் காக்கிற பூதமாட்டம் படுத்துருந்தீய" என்றாள் ஞானஜோதி.

"நான் பூட்டில்லையோ போட்டு வச்சேன்!" என்று சரஸ்வதியம்மாள் இடுப்புச் சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

சிரிப்பு எங்கிருந்து கிளம்பிற்று என்று தெரியவில்லை. கருப்பாத்தாளிடமிருந்துதான் முதலில் வந்திருக்க வேண்டும். நாச்சம்மாள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியதும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"எடுத்து வெளிய வெய்யுங்க. இனி எதுக்கு?" என்றாள் கருப்பாத்தாள்.

ஞானஜோதி தட்டில் சோறும் புளிக்குழம்பும் போட்டு அவள் முன் வைத்தாள். "சாப்பிடுங்கக்கா. மொகத்தப் பாத்தா நாலு நாளாப் பட்டினி மாரி இருக்கு."

"உப்புப் போட்டதா அம்மிணி?" என்றாள் நாச்சம்மாள். "எங்கூட்டுல கருமாதி வரைக்கும் ஆகாது."

கருப்பாத்தாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு வருசம் இருந்துட்டேனுங்க, நங்கையா."

நாச்சம்மாள் எதிரில் இருந்த பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

முதல் கவளம் நாக்கில் சுரீரென்றது. கன்னத்துக்குள் எங்கெங்கோ நீர் ஊறிற்று. அவள் வெட்கப்பட்டாள். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. வேகமாக, குனிந்த தலை நிமிராமல் தின்றாள். தட்டு காலியானபோது நாச்சம்மாள் ஞானஜோதியிடம் தணிந்த குரலில், "இன்னொரு கரண்டி போடு" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது திட்டின்மேல் உப்பெல்லாம் வந்துவிட்டிருந்தது. சிரட்டை, அவிழ்த்த துணி முடிச்சு, அரிசிப் பானையிலிருந்து வந்த ஹார்லிக்ஸ் பாட்டில், நார்த்தங்காய் ஜாடி. ஞானஜோதியின் மகள் சிசிலி ஒரு கையால் திட்டைப் பிடித்து நுனிக்காலில் எக்கி, இன்னொரு கையைச் சிரட்டைக்குள் விட்டுக்கொண்டிருந்தாள்.

கருப்பாத்தாளின் கை முன்னால் பாய்ந்தது. பாதியில் நின்றது.

சிசிலி ஒரு உப்புக் கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு கன்னத்துக்கும் மாற்றி மாற்றி உருட்டினாள். கருப்பாத்தாள் நீட்டிய கையால் சிரட்டையை அந்தக் குழந்தைக்கு எட்டுகிற மாதிரி விளிம்புக்கு நகர்த்திவைத்துவிட்டு, பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.