தோளுக்கு வந்த பந்து

காபித்துக்கு வாய் நீளம். அல்மாட்டி நகரம் முழுக்கத் தெரிந்த சங்கதிதான் அது. ஆனால் அந்த வாயால் பெண்டாட்டியின் டென்னிஸ் ஆட்டத்தையே கெடுப்பான் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

போன வாரம் அம்மாவின் பிறந்தநாள் விருந்து. ஆளாளுக்கு எழுந்து ஒரு வாழ்த்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மாவை வாழ்த்த எழுந்தவன், கூட்டம் சிரிக்கச் சிரிக்க மனைவியைப் பற்றிய கேலிக்குத் தாவிவிட்டான். அவள் அப்போது சமையலறையில் எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“நம்ம பீபிகுல் இருக்காளே, பந்து முழங்காலுக்கு வந்தா குனிஞ்சு அள்ளிடுவா. இடுப்புக்கு வந்தா கேக்கவே வேணாம். தோளுக்கு வந்தா மட்டும், கொடியில துணி காயப்போடுற மாதிரி கையத் தூக்கிட்டு நின்னுடுவா!”

விருந்தே குலுங்கியது. தம்பியின் புது மனைவி மோல்திரும்தான் சிரித்தாள்.

இன்று வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவள் அவள்தான். ஜெயிப்பவருக்கு நகர அணியில் மிச்சமிருக்கும் ஒரே இடம். பீபிகுலுக்கு முப்பத்தாறு வயது. அடுத்த வருஷம் அவளை யாரும் கூப்பிடப் போவதில்லை. முட்டி வலியோடு பனியில் ஓடியதெல்லாம் இதற்காகத்தான்.

முதல் செட்டை பீபிகுல் எடுத்தாள். இரண்டாவதில் மோல்திருக்கு விருந்து ஞாபகம் வந்துவிட்டது. பந்தை நன்றாகச் சுழற்றி உயரமாக அனுப்பத் தொடங்கினாள். அது விழுந்து தோளுக்கு எகிறியது. பீபிகுல் கையைத் தூக்கினாள். வலை. மறுபடி தோளுக்கு. கோட்டுக்கு வெளியே. அந்த செட் கைவிட்டுப் போனது.

ஒன்று, முன்னால் பாய்ந்து பந்து எழும்போதே அடிக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் போய், அது இடுப்புக்கு இறங்கும்வரை பொறுக்க வேண்டும். அவள் இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றாள்.

“முன்னால போடி!” வேலிக்கு வெளியே நின்ற காபித் கத்தியேவிட்டான்.

நடுவர் திரும்பினார். “சொல்லித்தரக் கூடாது சார். இன்னொரு தடவை வாயத் தொறந்தீங்கன்னா உங்க வீட்டம்மாவுக்குத்தான் ஒரு பாயின்ட் நஷ்டம்.”

பக்கம் மாறும்போது பீபிகுல் வேலியோரம் வந்து முகத்தைத் துடைத்தாள். “எல்லாத்தையும் தோளுக்கே போடுறா. எப்படித் தெரிஞ்சுது அவளுக்கு?” என்று முணுமுணுத்தாள்.

காபித் நடுவரைக் காட்டி உதட்டில் விரல் வைத்தான். பேசக் கூடாது என்ற விதி அந்த நிமிஷம் அவனுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

மூன்றாவது செட்டின் கடைசிப் பந்தும் தோளுக்குத்தான் வந்தது. இந்தத் தடவை பீபிகுல் முன்னால் பாய்ந்தாள். முட்டி மடங்கியது. மட்டையின் விளிம்பில் பட்ட பந்து நேரே மேலே போய் அவள் காலடியிலேயே விழுந்தது.

கைகுலுக்கி முடித்த மோல்திர் கள்ளமில்லாமல் அவனுக்குக் கையசைத்தாள். “அத்தான், அந்தத் துணி காயப்போடுற கதைய மட்டும் நீங்க சொல்லலேன்னா இன்னைக்கு நான் தொலைஞ்சேன்!”

பீபிகுல் மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

“ஆட்டம் முடிஞ்சிடுச்சுங்க. இப்பப் பேசலாம்.”

காபித் நடுவரைத் தேடினான். அவர் கிளம்பிவிட்டிருந்தார்.