வீட்டில்தான் இருக்கிறாள்

எங்கள் தெருவில் ஒரு வாக்கியம் தடையின்றி நடமாடுகிறது. எரிவாயு உருளை கொண்டுவருபவருக்கு அது தெரியும்; கூரியர்காரருக்குத் தெரியும்; மேல்மாடி ஸ்ரீகண்டனுக்கு மனப்பாடம். “சிந்தியா வீட்டில்தான் இருக்கிறாள்” என்பதே அது. சிந்தியா என் மருமகள். நான்கு வயது மௌரீன், இன்னும் இரண்டு நிரம்பாத ரயன் ஆகிய இரண்டு அரக்கர்களைப் பெற்றவள். காலை ஐந்தரைக்கு எழுகிறவள், அவ்விருவரும் சாய்ந்த பிறகே தானும் சாய்கிறாள். இடைப்பட்ட நேரத்தில் அவள் செய்வதற்கு ஆஸ்டின் டவுன்வாசிகள் வைத்திருக்கும் பெயர் ‘இருத்தல்’. அம்மிக்கல் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, சிந்தியாவும் இருக்கிறாள்.

இந்த வாக்கியத்தின் முழுக் கொடுமையையும் அவளுடைய கடைவாய்ப் பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வலப்பக்கக் கீழ்ப் பல். சொத்தை வேர்வரை இறங்கிவிட்டது. பத்தொன்பது நாள் வலி. கன்னம் பேக்கரி பன்னைப்போல் உப்பிவிட்டது.

“எப்ப வேணா போலாமே, நீ வீட்லதானே இருக்க?” என்றான் என் மகன் டேரில்.

எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லப்பட்டவள் எப்போதுமே போக முடியாதவள் என்பது அந்த மூடனுக்கு எட்டவில்லை. தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் நாற்பது பேருடைய விடுப்பை அட்டவணை போட்டு ஆள்கிறவன் அவன்.

பல் மருத்துவர் மூன்று முறை நேரம் கொடுத்தார்; மூன்றும் வீணாயின. முதல் முறை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக வாக்களித்த டேரிலுக்குத் திடீரென்று ஓர் அலுவலகக் கூட்டம் முளைத்தது. இரண்டாம் முறை ஸ்ரீகண்டனுக்குக் குளிர்சாதனப்பெட்டி வந்து இறங்குவதாக இருந்தது. “நான் வேலையில இருப்பேன்க்கா, நீங்க வீட்லதானே? கொஞ்சம் வாங்கி வெச்சிடுங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் எந்த அலுவலகத்துக்குப் போனார் என்கிறீர்கள்? பதினெட்டுப் படி ஏறித் தம் வீட்டுக்கே போனார். மடிக்கணினியின் முன்னால் அமர்ந்து வீட்டிலிருந்தே பணிபுரிகிறவர் அவர். ஆண் வீட்டில் இருந்தால் அது வேலை. பெண் வீட்டில் இருந்தால் அது இருத்தல்.

மூன்றாம் குற்றவாளியின் பெயரைச் சொல்ல எனக்குத் தயக்கமாயிருக்கிறது. அவர் கோலார் தங்கவயலில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பழைய சகாக்கள் நால்வரை மதிய உணவுக்கு அழைத்துவிட்டு, அச்செய்தியை அன்று காலைதான் மருமகளிடம் தெரிவித்தவர். மீன்குழம்பு பிரமாதம் என்று நால்வரும் பாராட்டினார்கள். சிந்தியா ஒரு பக்கமாகச் சிரித்தாள். மறுபக்கம் அசையவில்லை. நான் இரண்டாம் முறையும் குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. சனிக்கிழமை பதினொரு மணி; அதைத் தவறவிட்டால் மருத்துவர் வெளிநாடு போய்த் திரும்பும்வரை மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை சிந்தியா எங்கள் எல்லாரையும் சமையலறை வாசலுக்கு அழைத்தாள். அவள் கையில் ஒரு பித்தளை வில்லை இருந்தது. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. 1147 என்ற எண் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. துளையில் மௌரீனுடைய சிவப்பு ரிப்பனைக் கோத்திருந்தாள்.

“இது இன்னான்னு தெரியுதா?”

“உங்க தாத்தாவோட பில்லை. அதுக்கு இன்னா இப்ப?” என்றான் டேரில், கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

“சுரங்கத்துக்குள்ள இறங்கறவங்க டைம் ஆபீஸ்ல பில்லையைக் கையில வாங்கிக்கினுதான் இறங்கணும். மேல வந்து திருப்பிக் குடுத்தாத்தான் ஷிப்டு முடிஞ்சுது. குடுக்கலைன்னா, ஆள் இன்னும் கீழதான் இருக்காருன்னு அர்த்தம். மாமா, நான் சொல்றது சரிதானே?”

“சரிதான்” என்றேன். தங்கவயலில் பிறந்த எவரும் அதை மறுக்க மாட்டார். சுரங்கத்தை மூடிய நாளன்று அவளுடைய தாத்தா இந்தப் பில்லையைத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார். அந்த விதிப்படி பார்த்தால் அம்மனிதர் கல்லறையிலும் பணியில்தான் இருக்கிறார்.

“இந்த வூட்ல நாலு வருஷமா இது என் கழுத்துலதான் இருக்கு. உங்க யாரு கண்ணுக்கும் தெரியல. நாளைக்குப் பத்து மணிக்கு நான் மேல ஏறப் போறேன். டேரில், நீங்க இறங்கறீங்க. ஒரு மணிக்கு நான் வந்து பில்லையை வாங்கிக்கறேன். அதுவரைக்கும் பசங்க உங்க பொறுப்பு.”

“ஓகே மேடம், யெஸ் மேடம்” என்று சல்யூட் அடித்தான் டேரில்.

“பல்லு வலிக்கிறப்ப ஜோக் அடிக்காதீங்க. அப்புறம் என் கை நீளும்.”

மௌரீன் பில்லையை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப, பில்லை யாரு கழுத்துல இருக்கோ அவங்கதான் மம்மியா?”

“ஆமா செல்லம். கரெக்டு.”

குழந்தைகளிடம் விதியைச் சொல்வது ஆபத்து. பெரியவர்களைப்போல் அவர்கள் அதை உடனே மறந்துவிடுவதில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு டேரில் பில்லையை அணிந்துகொண்டான். அணிந்த கோலத்தைப் படமெடுத்து அலுவலகத்தாருக்கு அனுப்பவும் செய்தான். சிந்தியா செருப்பை மாட்டினாள். பிறகு தன் கைப்பேசியைக் குளிர்சாதனப்பெட்டியின் தலையில் வைத்தாள்.

“போனை மறந்துட்டுப் போற!”

“மறக்கல. கீழ இருக்கறவங்க மேல இருக்கறவங்களுக்குப் போன் போட முடியாது. உங்களுக்குக் கை இருக்கு, கண்ணு இருக்கு. தேடுங்க.”

அவள் ஆட்டோ ஏறிய ஆறாம் நிமிடத்தில் ரயன் தன் வயிற்றைக் காலி செய்தான். ஈரத்துடைப்பான்கள் எங்கே என்று கேட்க டேரில் மனைவியை அழைத்தான். குளிர்சாதனப்பெட்டியின் தலையில் மணி அடித்தது. பதில் இல்லை என்று மறுபடியும் அழைத்தான். மறுபடியும் அங்கேயே அடித்தது. பொறியியல் பட்டம் பெற்றவன் மூன்றாம் முறையும் அழைத்தான்.

பத்து நாற்பதுக்கு அவனுடைய அலுவலகம் அவனை அழைத்தது. “டாடி, அஞ்சே நிமிஷம்” என்றான். நான் மறுப்பதற்குள் ரிப்பன் என் கழுத்தில் விழுந்தது. படுக்கையறைக் கதவு சாத்தப்பட்டது.

மௌரீன் என் முன்னால் வந்து நின்றாள். “இப்ப தாத்தாதான் மம்மி. மம்மி, எனக்கு மாம்பழம் வேணும். தோலோட வேணாம். வெட்டியும் குடுக்கக் கூடாது.”

அப்படியொரு மாம்பழம் இவ்வுலகில் இல்லை என்று விளக்கினேன். “மம்மி தருவாங்களே” என்றாள். நாற்பத்தெட்டு மாணவர்களை ஒரே பார்வையில் அடக்கியவன் நான். இவள் என் பார்வையைத் திருப்பிப் பார்த்தாள். முதலில் கண் சிமிட்டியது நான்தான். இதற்கிடையில் ரயன் கேழ்வரகு மாவு டப்பாவைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, நரைத்த நியாயாதிபதியைப்போல் கூடத்தின் நடுவில் வீற்றிருந்தான். அவனைக் கழுவினால் இவள் அழுதாள். இவளைச் சமாதானப்படுத்தினால் அவன் சோபாவின் சாய்வில் ஏறினான். உண்மையை ஒப்புக்கொள்கிறேன்: நான் பதினேழு நிமிடம் தாக்குப்பிடித்தேன்.

பதினெட்டாம் நிமிடத்தில், கையில் சாவியோடு ஸ்ரீகண்டன் வந்தார்.

“அங்கிள், அக்கா இல்லையா? ஒரு பார்சல் வரும். அக்கா வீட்லதானே இருப்பாங்கன்னு அட்ரஸ்ல உங்க நம்பரைப் போட்டுட்டேன்...”

நான் பில்லையைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினேன். மாலை மரியாதை என்று நினைத்தோ என்னவோ, அந்த மனிதர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

“ஸ்ரீகண்டன் மம்மி!” என்று கத்தினாள் மௌரீன். ரயன் அவருடைய முழங்காலைக் கட்டிக்கொண்டு, மாவு வழியும் மூக்கை அவருடைய கால்சட்டையில் துடைத்தான். ஒன்பது நிமிடத்தில் அவர், “மீட்டிங் அங்கிள், மீட்டிங்!” என்று கூவியபடி பில்லையைக் கழற்றி உணவு மேசைமேல் போட்டுவிட்டுப் பதினெட்டுப் படிகளையும் நான்கே தாவலில் கடந்தார். சாவியை மறந்துவிட்டதால் இறங்கிவந்து, மறுபடியும் தாவினார்.

அதன்பிறகு பில்லையை யாரும் பார்க்கவில்லை.

ஒரு மணிக்குச் சிந்தியா திரும்பினாள். வாயில் பஞ்சு, கையில் மருத்துவர் எழுதிய தாள். பல் போய்விட்டது. பேசக்கூடாது, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மறுநாள் முழுவதும் ஓய்வு என்று தாளில் இருந்தது. டேரில் அதை உரக்கப் படித்துவிட்டு, “அவ்ளோதானே? வீட்லதானே இருக்கப் போற, ரெஸ்டுதான்” என்றான். மூன்று மணிக்கு அலுவலக நண்பர்களோடு அவனுக்குக் கிரிக்கெட் ஆட்டம். மட்டைப்பை ஏற்கெனவே வாசலில் நின்றது. தாளிலிருந்த ஒரு சொல்கூட அவன் மண்டைக்குள் நுழையவில்லை.

அவளோ நேர்மையானவள். ஒரு மணி என்று சொன்னாள், வந்தாள். ஒரு பக்கம் மரத்த முகத்தோடு கையை நீட்டினாள். பில்லையைக் கொடு, ஏற்றுக்கொள்கிறேன் என்று பொருள்.

டேரில் தன் கழுத்தைத் தடவினான். பிறகு என் கழுத்தைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன். மேசைமேல் ஒரு மாங்கொட்டைதான் இருந்தது.

“பில்லை எங்கியோ விழுந்திருக்கும். அது கிடக்குது சிந்தி, நீ பசங்களைப் பாத்துக்கோ, நான் போய்ட்டு...”

“முடியாது” என்றாள் மௌரீன். வாசலை மறித்து நின்றாள். “பில்லை குடுக்கலைன்னா நீங்க இன்னும் கீழதான் இருக்கீங்க. மம்மி சொன்னாங்க.”

சிந்தியா ஒரு கணம் மகளைப் பார்த்தாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. நான்கு ஆண்டுகளில் அவ்வீட்டில் பகலில் விழுந்த முதல் தாழ்ப்பாள் அது.

கிரிக்கெட் ஆட்டம் டேரிலின்றி நடந்தது. அவன் பால் பொங்கவிட்டான், சோறு குழையவிட்டான், ரயன் தோளில் மட்டுமே தூங்குவான், கீழே கிடத்தினால் விழித்துவிடுவான் என்ற பேருண்மையைத் தன் முப்பத்தாறாம் வயதில் கண்டுபிடித்தான். நான் பாத்திரம் துலக்கினேன். இடையிடையே பில்லையைத் தேடினோம். அரிசி டப்பா, துவைக்கும் இயந்திரம், குப்பைக்கூடை, ரயனுடைய வாய் என ஓரிடத்தையும் விடவில்லை. நான்கு மணிக்கு டேரில் ஜாம் பாட்டில் மூடியில் 1147 என்று எழுதி எடுத்துவந்தான். மௌரீன் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்து, “இதுல ஜாம் வாசனை வருது” என்று நிராகரித்தாள்.

ஐந்தரைக்கு நான் மாலைப் பூசைக்குக் கிளம்பினேன்.

“டாடி” என்றான் டேரில், குழந்தையைத் தோளில் சுமந்தபடி. ஈஸ்டருக்குப்பின் கோயில் பக்கமே தலைகாட்டாதவன் அவன். “அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்திடுங்க. தொலைஞ்சதெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுப்பாருல்ல? அரை நாள்தான் ஆச்சு, எனக்கு இடுப்பு வுட்டுப் போச்சு.”

வழிநெடுக என் வலக்கால் குத்தியது. காலாணி முற்றிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். மருமகளுக்குப் பத்தொன்பது நாள் வலி, எனக்குப் பத்தொன்பது நிமிடமாவது இருக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டும் நடந்தேன். அந்தோணியார் சொரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். முழந்தாளிட முயன்றபோது வலி உச்சந்தலைக்கு ஏறியது. அருகிலிருந்த பெஞ்சில் அமர்ந்து, சபைமரியாதையைச் சற்று ஒத்திவைத்துவிட்டு ஷூவைக் கழற்றி உதறினேன்.

கணீரென்று பித்தளை விழுந்தது. 1147. சிவப்பு ரிப்பனோடு.

ரயன் எதையும் என் ஷூவுக்குள்தான் பத்திரப்படுத்துவான் என்பது எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சென்ற வாரம் அதில் அரை வாழைப்பழம் இருந்தது. புனிதரை நிமிர்ந்து பார்த்தேன். கேட்ட மறுநொடியே கொடுக்கும் இந்த வேகம் சில சமயங்களில் தொந்தரவுதான். இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சிந்தியா கையை நீட்டுவாள். டேரில் நிம்மதியாகக் கொடுப்பான். தையல் போட்ட வாயோடு அவள் குனிந்து, தூக்கி, துடைத்து, ஏழு மணிக்கெல்லாம் மறுபடியும் ‘இருக்க’த் தொடங்கிவிடுவாள். எனக்கு மீன்குழம்பு வைத்த அன்று சிரித்த அந்த ஒரு பக்கச் சிரிப்பும் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றினேன். கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு முதலாவது. நாளை இரவுவரை அதைத் தொலைத்தே வைத்திருப்பதற்கு இது. அவ்வகை வேண்டுதலுக்கு அந்தோணியார் பழக்கப்பட்டவரல்லர். ஆயினும் மறுப்பேதும் சொல்லவில்லை. பில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வாசலிலேயே டேரில் பிடித்துக்கொண்டான். சட்டை முழுவதும் குழைந்த சோறு. “ஏத்தினீங்களா?”

“இரண்டு ஏற்றினேன்.”

“கிடைச்சுதா?”

பொய் சொன்ன மாணவர்களை முப்பத்து நான்கு ஆண்டுகள் பெஞ்சின்மேல் நிற்கவைத்தவன் நான். “புனிதர் தேடிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை கூட்டம் அதிகம்” என்றேன்.

தாழ்ப்பாள் திறந்தது. சிந்தியா தண்ணீர் எடுக்க வந்தாள். தூங்கிய முகம், தலையணையின் வரி கன்னத்தில் பதிந்திருந்தது. கணவனிடம் மறுபடியும் கையை நீட்டினாள். அவன் வெறுங்கையை விரித்தான். அவள் திரும்பினாள். என் கட்டவிழ்ந்த ஷூக்கயிற்றைப் பார்த்தாள். பார்வை மெல்ல மேலேறி என் சட்டைப்பையில் நின்றது. ரிப்பனின் சிவப்பு நுனி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அருகில் வந்து, அந்த நுனியை ஒரு விரலால் உள்ளே தள்ளினாள். என் கைக்குட்டையை அதன்மேல் இழுத்துவிட்டாள். தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

குளிர்சாதனப்பெட்டியின் தலையில் சிந்தியாவின் கைப்பேசி அடித்தது. டேரில் எட்டி எடுத்தான். பேசியவர் ஸ்ரீகண்டன், பார்சல் வருகிறதாம்.

“ஆமா, சிந்தியா வீட்லதான்...” என்று தொடங்கியவன் பாதியில் நின்றான். தோளில் தூங்கும் ரயனைப் பார்த்தான். “ஸ்ரீகண்டன், நீங்க எங்க இருக்கீங்க? வீட்லயா? அப்ப நீங்களே இறங்கி வந்து வாங்கிக்கோங்க.”

“மம்மி, யாரு போன்ல?” என்று கேட்டாள் மௌரீன்.

“மாடி அங்கிள்மா” என்றான் டேரில். அவளைத் திருத்த அவனுக்கு அப்போது தெம்பில்லை.